தெரியாது ரீச்சர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். எழுதினால், கனடாவில் இந்த ஸ்காபரோவில் அவரிடம் படித்த பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் உடனே, "ஐயோ, அவவோ! தங்கமான மனிசி" என்று தொடங்கிவிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே அவருக்கு நான் வைத்த பட்டப்பெயரையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். தெரியாது ரீச்சர்.

பத்து வருடம் இருக்கும். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் எங்கள் தமிழ் வகுப்புகள் நடந்தன. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் கூடிப்போனதால் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை என்னிடமும் மற்றதை அவரிடமும் தந்திருந்தார் அதிபர். ஆசிரியரின் பிள்ளை அதே ஆசிரியரிடம் படிக்கக்கூடாது என்பது அங்கே விதி. என் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. அவள் அவரிடம் போனாள். என்னுடைய வயிற்றெரிச்சல் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நான் ஊரில் பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியை. கரும்பலகையில் நான் எழுதினால் அச்சடித்ததுபோல இருக்கும் என்று கல்விப் பணிப்பாளரே சொல்லியிருக்கிறார். அவரோ மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கற்பித்தலில் ஒரு சான்றிதழும் கிடையாது. கையெழுத்து உருண்டை உருண்டையாக, கோட்டைவிட்டு மேலே ஏறிப்போகும். குளிர்காலத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வகுப்பில் நடப்பார். இந்த மனிசியிடம் பிள்ளைகள் என்னத்தைக் கண்டார்கள் என்று நான் கதவுக் கண்ணாடிக்குள்ளால் எத்தனையோ தரம் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவார். அதுவும் முணுமுணுத்துச் சமாளிக்கிற மாதிரி இல்லை. நன்றாக நிமிர்ந்து, முகமெல்லாம் மலர, "உது எனக்குத் தெரியாதே பிள்ளை!" என்பார். ஏதோ பரிசு விழுந்ததுபோல ஒரு சந்தோஷம் குரலில் இருக்கும். "தெரியாது எண்டுறதும் ஒரு மறுமொழிதானே. இனித்தான் வேலை தொடங்குது" என்று அடிக்கடி சொல்லுவார்.

மேசையில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி வைத்திருந்தார். தனக்குத் தெரியாத கேள்விகளையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதுவித்து அதற்குள் போடுவிப்பார். அடுத்த கிழமை திறந்து, யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்பார். ரீச்சருக்குத் தெரியாததைத் தாங்கள் கண்டுபிடித்துவிடவேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் வீட்டில் தாய்தகப்பனைப் போட்டுப் பிய்த்தெடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே கரைச்சல்தான்.

"அம்மா, எறும்பு நித்திரை கொள்ளுமா? ரீச்சருக்குத் தெரியேல்ல. சோ நாங்கள் எல்லாரும் ஃபைண்ட் அவுட் பண்ணோணும்."

"கொள்ளும்," என்பேன் நான் உடனே.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

ஆரணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணினிக்குப் போய்விடுவாள். எனக்குத் தெரிந்திருந்தது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த மனிசிக்குத் தெரியாமலிருந்ததுதான் பெரிய விசயம்.

ஒருமுறை ஒரு தகப்பன் கோபமாக வந்து, தன் மகள் ஏன் இன்னமும் ல, ள, ழ மூன்றையும் மாறி எழுதுகிறாள் என்று அவரிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மனதுக்குள் ஏழெட்டுக் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர், "தெரியாது அண்ணை. இரண்டு கிழமை தாங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றார். இரண்டு கிழமை கழித்து அந்தத் தகப்பனின் கையிலேயே புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "பிள்ளை உங்களைப் போலத்தான் சொல்லுறா அண்ணை. சொல்லுறமாதிரி எழுதுறா. அவ்வளவுதான்" என்றார். அந்த மனிசன் வாய்விட்டுச் சிரித்தார். இதையே நான் சொல்லியிருந்தால் அதிபருக்கு முறைப்பாடு போயிருக்கும்.

அவருக்குப் பட்டப்பெயரை வைத்தது அப்போதுதான். ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம், "எங்கட தெரியாது ரீச்சர் வாறா" என்று மெல்லச் சொன்னேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் அது பிள்ளைகளின் வாய்க்குப் போய், அவர்கள் செல்லமாக அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவரும், "ஆர் வைச்ச பேரோ, நல்ல வடிவான பேர்" என்று சந்தோஷப்பட்டார். நான் எறிந்த கல்லை எடுத்து மாலையில் கோர்த்துப் போட்டுக்கொள்கிற பெண்ணை என்ன செய்வது?

அந்த வருடம் ஒக்டோபரில், பிள்ளைகள் பேய் வேசம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகிற ஹலோவீன் விசயம் வந்தது. சில தாய்தகப்பன்மார், "தமிழ் வகுப்பில பேய்க் கொண்டாட்டம் வேண்டாம்" என்றார்கள். வேறு சிலர், "பிள்ளையள் எப்பிடியும் வேசம் போடத்தான் போகினம், என்னெண்டு தெரிஞ்சுகொண்டாவது போடட்டும்" என்றார்கள். அவருடைய பெட்டிக்குள்ளும் அதுதான் கேள்வி. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "எல்லா வீட்டுக்கும் போய் ஹலோ சொல்வதாலா ஹலோவீன் என்று பெயர்?"

அதை வாசித்ததும் அவர் வகுப்பின் நடுவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் கனடாவுக்கு வந்த முதல் வருசம் அப்பிடித்தான் நினைச்சனான் பிள்ளையள்! கதவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹலோ, ஹலோ எண்டு சொன்னனான்" என்றார். வகுப்பே உருண்டு புரண்டது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முகம் சூடேறியது. முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். இனிப்பைக் கொடுக்கவேண்டும் என்றும் தெரியாமல் ஹலோ மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதை என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

அதிபர் ஒரு முடிவுக்கு வந்தார். "மூன்றாம் வகுப்பு இரண்டையும் சேர்த்து ஒரு மணித்தியாலம் எடுங்கோ. பேய் பிசாசெண்டு பயப்படுத்தாமல், இது எங்கயிருந்து வந்தது, எப்பிடி மாறினது எண்டு சின்னப் பிள்ளையளுக்கு விளங்கிற தமிழில சொல்லுங்கோ." தொடக்கம் என் பங்கு. மாறிய கதை தெரியாது ரீச்சரின் பங்கு. ஆரணி முன்னால் இருக்க நான் பாடம் எடுக்கப்போவது அதுதான் முதல் தடவை. நான் ஒரு கிழமை நித்திரையில்லாமல் ஆயத்தம் செய்தேன். அந்தப் பிள்ளை ஒரு நாளாவது என்னைப் பார்த்து அப்படி வாய் பிளக்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அன்று காலை தேத்தண்ணீர் நேரத்தில் அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். பழைய அயர்லாந்துத் திருவிழாவின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சம்ஹெயின்' என்று எழுதியிருந்தேன்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உதை சாவின் எண்டுதான் சொல்லோணுமாம். எங்கட ஹோமில ஒரு அயர்லாந்து மனிசி இருக்கிறா, அவவட்டக் கேட்டனான். அதின்ர கருத்து என்னெண்டால்..."

"எனக்குத் தெரியும் ரீச்சர்," என்றேன்.

அவர் தன் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

நாற்பது பிள்ளைகள். வௌவால், இளவரசி, கடற்கொள்ளைக்காரன், துணி சுற்றிய எகிப்து மம்மி என்று வேசம் போட்டவர்கள் பாதிப்பேர். நான் தொடங்கினேன். மிகப் பழைய காலத்தில் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கம் வாழ்ந்த மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் ஒரு திருவிழா கொண்டாடினார்கள். வெளிச்சமான அரை வருடம் முடிந்து இருட்டான அரை வருடம் பிறக்கிற நாள். அந்த இரவில் செத்தவர்களின் ஆவிகள் இந்த உலகத்துக்கு வந்துபோகும் என்று நம்பினார்கள். பெரிய நெருப்பு மூட்டினார்கள். ஆவிகள் தங்களை அடையாளம் காணாமலிருக்க முகமூடி போட்டார்கள் என்றும் சொல்வார்கள். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் வௌவால் கொட்டாவி விட்டது. ஆரணி, அவளுடைய ரீச்சர் மேசைக்குக் கீழே எதையோ துணியால் மூடி வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். சாவின்.

"இதுதான் அந்தத் திருவிழாவின்ர பேர்," என்றேன்.

முந்தின கிழமைதான் என் வகுப்புக்கு 'இன்' சேர்த்து எழுதப் பழக்கியிருந்தேன். வீடு, வீட்டின். மரம், மரத்தின். முன்வரிசையில் ஒரு கெட்டிக்காரி துள்ளி எழும்பினாள். "ரீச்சர்! சாவு, சாவின்! இட்ஸ் தமிழ்!"

வகுப்பு அப்படியே நிமிர்ந்தது. ஆரணி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "ஒலி ஒத்துவருது, கருத்தைப் பாப்பம்" என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிசியாக இருந்தால் பெட்டிக்குள் போட்டிருப்பார். நான் மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "ஓம்! தமிழ்தான்!" என்றேன். சொன்ன பிறகு ஆதாரம் வேண்டாமா? பழங்காலத்துத் தமிழ்க் கப்பல் ஒன்றை முத்தும் மிளகும் ஏற்றி அயர்லாந்துக்கே அனுப்பிவிட்டேன். அந்த மாலுமிகள் கரையில் இறங்கி, செத்த உறவுகளை நினைத்துச் 'சாவின் நாள்' கொண்டாடியதை அந்த ஊர்க்காரர் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வாசலில் நின்ற அதிபர், "நான் எப்பவோ நினைச்சனான்!" என்று கையைத் தட்ட, வகுப்பே தட்டியது. ஆரணி கதிரையில் ஏறி நின்று தட்டினாள்.

என்னுடைய வாழ்க்கையில் அதுபோல ஒரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

சத்தம் அடங்கியதும் அவருடைய வகுப்புப் பையன் ஒருவன் அவரிடம் கேட்டான். "ரீச்சர், உண்மையோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் நின்ற ஆரணியைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். வழமையான மலர்ச்சி அதில் இருக்கவில்லை. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

பிறகு அவர் தன் பங்கைச் சொன்னார். தேவாலயம் நவம்பர் முதலாம் திகதியைச் சகல புனிதர்களுக்கும், இரண்டாம் திகதியைச் சகல ஆன்மாக்களுக்கும் வைத்தது. புனிதருக்குப் பழைய ஆங்கிலத்தில் ஒரு சொல் ஹாலோ. அந்தத் திருநாளுக்கு முதல் நாள் மாலைதான் சுருங்கி ஹலோவீன் ஆனது. "மன்னாரில நாங்கள் இரண்டாம் திகதி கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவம். அந்தப் பழைய திருவிழாவால்தான் கோயில் இந்த நாளை வைச்சதோ எண்டு கேட்டால், சிலபேர் ஓம் எண்டுகினம், சிலபேர் இல்லை எண்டுகினம். எனக்குத் தெரியாது." இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், செத்தவர்களுக்காகச் செபம் சொல்லிச் சின்னக் கேக் வாங்கினார்கள். ஸ்கொட்லாந்தில் வேசம் போட்ட பிள்ளை பாட்டோ கவிதையோ சொன்னால்தான் ஏதும் கிடைக்கும்.

மேசைக்குக் கீழேயிருந்து துணியை விலக்கி அந்தப் பொருளை எடுத்தார். ஒரு ரேர்னிப், முள்ளங்கிபோல ஓர் உருண்டைக் கிழங்கு. கரண்டியால் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டியிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளைகள் கீச்சிட்டார்கள். "அங்க முதல் இதிலதான் முகம் வெட்டினவை. இதைக் குடைய எனக்கு இரண்டு நாள் போச்சு. கைநோ சொல்லேலாது. அவையள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வந்து பாத்தால், இஞ்ச பெரிய பூசணிக்காய். லேசாக் குடையலாம். பிறகு ஆர் ரேர்னிப்பைத் தொடுறது?" இங்கே வந்த பிறகு ஹலோவீன் பொடியன்களின் குழப்படி நாளாக மாறி, வேலிக் கதவுகளைக் கழற்றி ஒளித்து, ஊரே தலையில் கைவைத்து, கடைசியில் குழப்படியை நிறுத்த இனிப்புக் கொடுக்கிற வழக்கம் வலுத்த கதையையும் சொன்னார். "ஒவ்வொரு ஊருக்குப் போகேக்கயும் அது உடுப்பு மாத்தியிருக்கு. ஸ்காபரோவுக்கு வந்து இளவரசிச் சட்டைக்கு மேல ஸ்நோ ஜக்கெட் போட்டிருக்கு. உங்கட பிள்ளையள் என்ன செய்வினம்? எனக்குத் தெரியாது."

நல்ல பாடம். அன்றைக்கு மட்டும் அது என்னைச் சுடவில்லை. நான்தான் வென்றிருந்தேனே.

எல்லோரும் போனபின் வகுப்பறையை ஒதுக்கும்போது அவருடைய குறிப்புத் தாள் மேசையில் கிடந்தது. உருண்டைக் கையெழுத்து. முதல் வரியே இதுதான்: "சாவின். கோடை முடிவு என்று கருத்துச் சொல்லுகினம். எங்கட சாவுக்கும் இதுக்கும் தொடர்பில்லை. பிள்ளைகள் கட்டாயம் கேட்பினம், வடிவாய் விளங்கப்படுத்தவேணும்."

தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெரியாததை மட்டுமே தெரியாது என்று சொல்லுகிற மனிசி, தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்த கைதட்டல் அவர் பார்த்துப் போட்ட பிச்சை. நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை ஆரணி தன் பகல் பள்ளிக்கூடத்தில் கையை உயர்த்தி, ஹலோவீன் தமிழரிடமிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஆசிரியை நல்லவிதமாகத் திருத்தியிருக்கிறார். பிள்ளைகள் நல்லவிதமாகச் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, அது பிழையாம். நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?"

பிழைதான் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். வாய் வரவில்லை. "உங்கட ரீச்சரும் அங்கதானே நிண்டவ?" என்றேன். "அவவைத்தானே கேட்டவங்கள்? தெரியாதெண்டு சொன்னவ. ஒண்டும் தெரியாத ஒருத்தியைப் படிப்பிக்க விட்டால் இப்பிடித்தான்."

அந்தத் தாளை என் கண்ணால் பார்த்த பிறகு இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'ரீச்சர் சொன்னவ' என்ற பேச்சு நின்றுபோனது. மனதுக்குள் குற்றவுணர்ச்சி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த யூனில் அவர் விட்பிக்கு வீடு மாறினார். அவ்வளவு தூரத்திலிருந்து சனிக்கிழமைகளில் வரமுடியாது என்று விலகிக்கொண்டார். கடைசி நாள் என்னிடம் வந்து, "ரீச்சர், உங்கட 'இன்' பாடம் நல்ல வடிவு. நானும் அப்பிடியே என்ர பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனான்" என்றார். குத்தலா என்று அந்த முகத்தைத் துருவிப் பார்த்தேன். குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன ஹலோவீன் அன்று பின்னேரம் ஆரணிதான் கார் ஓட்டினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மார்க்கம் ரோட்டில் வேசம் போட்ட சின்னஞ்சிறுசுகள் கடக்கட்டும் என்று காரை நிறுத்தினாள். என்ன வந்ததோ தெரியாது, நான் சொல்லிவிட்டேன். சாவின் கதை, அந்தத் தாள், அந்தத் திங்கட்கிழமை நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

"தெரியும் அம்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அடுத்த சனிக்கிழமையே, அது பிழையெண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு நான் அவவட்டக் கேட்டனான். ஓம், தெரியும் எண்டவ. அப்ப ஏன் தெரியாதெண்டு சொன்னனீங்கள் எண்டு கேட்டன். நீ கதிரையில ஏறி நிண்டு உன்ர அம்மாவுக்குக் கை தட்டினாய், அந்த நேரம் எனக்கு மனம் வரேல்ல பிள்ளை எண்டு சொன்னவ."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வௌவால் ஜக்கெட்டுக்கு மேலே செட்டையைக் கட்டிக்கொண்டு கடந்துபோனது.

"நீ ஏன் எனக்கு இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"அம்மாட்ட நீயாப் போய்க் கேக்காத, அவவாச் சொல்லுவா, அதுவரைக்கும் பொறு எண்டு சொன்னவ. ஐ வெயிட்டட்." கார் நகர்ந்தது. "கொஞ்சம் கனகாலந்தான்."

வெட்கப்பட்டிருக்கவேண்டும். வெட்கமும் வந்தது, ஆனால் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். பத்து வருடமாக என் பிள்ளை என்னைப் பொறுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டு, படுத்து, எழும்பியிருக்கிறாள். அந்தப் பொறுமையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை.